எடையும் நீரும்: ஒஸ்லோவில் தைக்கப்படும் ஒரு மடிக்கணினிப் பை

மடிக்கணினியைச் சுமந்து செல்வதற்கான பயணப்பையை, அச்சிட்ட வெட்டுப்படிவம் ஒன்றைத் துணையாகக் கொண்டு தாமே தைத்துக்கொள்வது ஒஸ்லோவில் வசிக்கும் எவருக்கும் இன்று எட்டக்கூடிய காரியமாக இருக்கிறது என்றால், அதற்கு அந்நகரின் பொது நூலகமும் ஒரு முக்கியக் காரணமாகும். கார்ல் டைக்மான் என்பவர் நகரத்துக்கு விட்டுச்சென்ற நூல்தொகுதியைக் கொண்டு 1785-இல் தொடங்கிய டைக்மான் நூலகம், 2020 ஜூனில் ஒபேரா மாளிகைக்கு அருகே பியோர்விக்காவில் எழுந்த புதிய தலைமைக் கட்டடத்துக்கு மாறியபோது, புத்தக அடுக்குகளோடு முப்பரிமாண அச்சுப்பொறிகளும் தையல் இயந்திரங்களும் கொண்ட பணிமனை ஒன்றையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. சிறிய அடுக்குமாடி வீட்டில் இயந்திரம் வைக்க இடமில்லாதவரும், ஒரே ஒரு பைக்காக இயந்திரம் வாங்க மனமில்லாதவரும் அங்கே அமர்ந்து தைக்கலாம். நோர்வேப் பள்ளிகளில் கலையும் கைவினையும் சேர்ந்த பாடம் பத்தாண்டுக் கட்டாயக் கல்வி முழுவதும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருப்பதால், ஊசியும் நூலும் அந்நாட்டில் ஒரு பாலாருக்கு மட்டுமே பழகிய பொருள்களாக இருப்பதில்லை.

ஆயினும் இயந்திரமும் படிவமும் கையில் கிடைத்துவிட்டதாலேயே நல்ல பை கிடைத்துவிடாது. படிவத்தை வரைந்தவர் எங்கோ இருந்து, பொதுவான ஓர் உடலையும் பொதுவான ஒரு பருவநிலையையும் மனத்தில் வைத்து வரைந்திருப்பார். தைப்பவரின் தோளையோ, அவர் நடந்து செல்லும் தெருவின் மழையையோ அவர் அறிந்திருக்க வழியில்லை. எனவே படிவத்தை மாற்றித் தைப்பது தவிர்க்க முடியாதது. அந்த மாற்றம் பெரும்பாலும் துணியின் நிறத்திலும் உட்பைகளின் எண்ணிக்கையிலும் நின்றுவிடுவதுதான் வருந்தத்தக்கது. பையின் எடை உடலில் எங்கே இறங்குகிறது, நீர் பைக்குள் எந்த வழியாக நுழைகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணும் மாற்றங்களே முதன்மையானவை. மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடையைப் பற்றிய கேள்வியை நோர்வே நூறாண்டுகளுக்கு முன்பே தீவிரமாக எடுத்துக்கொண்டது. 1908-இல், ஒஸ்லோ இன்னும் கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், ஓலே பெர்கான் என்பவர் வேட்டைக்குச் சென்றபோது தமது முதுகுப்பை தொளதொளவென்று தொங்கி முதுகை அழுத்துவதைக் கண்டு, வளைந்த ஜூனிப்பர் மரக்கிளை ஒன்றை முதுகின் வளைவுக்கு ஏற்றவாறு சட்டமாக்கிப் பையோடு பொருத்தினார். பையின் பாரம் சட்டத்தின் வழியே இடுப்புக்கு அருகே இறங்கியது. பைக்கும் முதுகுக்கும் இடையே காற்றும் புகுந்தது. 1909-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு பின்னர் எஃகுக் குழாய்ச் சட்டமாக வளர்ந்தது. பெர்கானின் பெயர் பிரித்தானியப் படையினரிடையே முதுகுப்பைக்கே பொதுப்பெயராகும் அளவுக்குப் பரவியது. இன்று கடையில் வாங்கும் மலையேற்றப் பைகளின் முன்னோர்களுள் ஒன்றான அப்பை, அடிப்படையில், ஏற்கெனவே இருந்த ஒரு பையைத் தன் உடலுக்கு ஏற்றவாறு ஒருவர் திருத்திக்கொண்டதன் விளைவே என்பது வீட்டில் தைப்போர் அனைவரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

வெட்டுப்படிவம், அதாவது தையற்காரர்கள் பேட்டர்ன் என்று சொல்லும் காகித வரைபடம், ஒவ்வொரு துணித்துண்டும் எந்த வடிவில், எந்த இழைவாட்டத்தில் வெட்டப்பட வேண்டும் என்பதைக் காட்டுவது. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863-இல் அளவுவாரியான காகிதப் படிவங்களை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகும், ஜெர்மனியில் ஏன்னே பர்டா 1950-இல் தொடங்கிய இதழ் படிவத்தாள்களை வாசகரின் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கிய பிறகும், வீட்டுத் தையல் உலகமெங்கும் புதிய துணிவு பெற்றது. இந்த இரு மரபுகளுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு இன்றும் பலரைத் தடுமாற வைக்கிறது. அமெரிக்கப் படிவங்களில் தையலுக்கு விடும் விளிம்பு பெரும்பாலும் உள்ளடங்கியிருக்கும். பர்டா இதழின் படிவங்களிலோ கோடு என்பது தையல் கோடே, விளிம்பைத் தைப்பவர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனியாமல் வெட்டினால் பையின் ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துபோகும்.

கணினியில் வாங்கி வீட்டில் அச்சிடும் படிவங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் வரையப்பட்ட படிவம் 216 மில்லிமீட்டர் அகலமுள்ள லெட்டர் தாளுக்கு அமைந்திருக்கும். நோர்வேயில் கிடைக்கும் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். தாளுக்கு ஏற்றவாறு சுருக்கு என்ற தெரிவை அச்சுப்பொறி தானாகவே எடுத்துக்கொண்டால் படிவம் ஏறத்தாழ 2.8 விழுக்காடு சிறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறை, பையில் மிகவும் இறுக்கமான இடமாகிய மடிக்கணினி உறையில்தான் வெளிப்படும் என்பதால், அச்சிட்டவுடன் படிவத்தில் தரப்பட்டிருக்கும் சோதனைச் சதுரத்தை அளவுகோலால் அளந்து பார்க்காமல் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

உறையின் கணக்கைச் சற்று அருகில் நின்று பார்ப்பது பயனுள்ளது. மடிக்கணினியை 14 அங்குலம் என்று சொல்லும்போது குறிக்கப்படுவது திரையின் மூலைவிட்டமே அன்றி உடலின் அகலம் அன்று. எனவே உறையின் அளவைப் பெயரிலிருந்து பெற முடியாது. ஆப்பிள் நிறுவனத்தின் 14 அங்குல மேக்புக் புரோ 31.3 சென்டிமீட்டர் அகலமும் 22.1 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 1.6 சென்டிமீட்டர் தடிப்பும் கொண்டது. இரண்டு துணிகளைத் தட்டையாக வைத்துத் தைக்கும் உறையில் அகலத்தோடு தடிப்பையும் கூட்ட வேண்டும் என்பதால், 32.9 சென்டிமீட்டர் என்பது கருவியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவு. எளிதில் நுழைந்து வெளிவர ஒரு சென்டிமீட்டர் தளர்வு சேர்த்தால் 33.9, இரு பக்கமும் தையலுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டால் வெட்ட வேண்டிய அகலம் 35.9. மேலே சொன்ன 2.8 விழுக்காட்டுச் சுருக்கம் 33.9-இலிருந்து கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும், அதாவது தளர்வு முழுவதையும் தின்றுவிடும். அதிர்ச்சி தாங்குவதற்காக 5 மில்லிமீட்டர் ஃபோம் தகட்டை உள்ளே வைத்துத் தைப்பவர், அதன் தடிப்பும் உள்ளிடத்தைக் குறைக்கும் என்பதால் இன்னும் சற்றுக் கூட்டி, முதலில் பழைய படுக்கைவிரிப்புத் துணியில் உறையை மட்டும் தைத்துக் கருவியை நுழைத்துப் பார்த்த பிறகே நல்ல துணியைத் தொட வேண்டும்.

அடுத்தது ஆழம். தமிழகத்தில் 2021 டிசம்பரில் அரசு இயக்கமாகவே மீண்டும் கொண்டுவரப்பட்ட மஞ்சப்பை ஆழமில்லாத பைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்: இரு சதுரத் துணிகள் மூன்று பக்கம் தைக்கப்பட்டிருக்கும், காய்கறிக்கு அது போதும், ஆனால் மூலைகள் உள்ள கனமான பொருளை இட்டால் எடை முழுவதும் ஒரு மூலைக்குச் சரிந்து பை திருகிக்கொள்ளும். அடித்தளம் வேண்டுமென்றால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வெட்டிய இரு பலகைகளின், அதாவது துணித்துண்டுகளின், கீழ்மூலைகளிலும் சதுரங்களை வெட்டிவிட்டு, பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அந்த வெட்டுவாயைப் பிடித்துத் தைக்க வேண்டும். வெட்டும் சதுரத்தின் பக்கம், தையல் கோட்டிலிருந்து அளக்கும்போது, வேண்டிய ஆழத்தில் சரிபாதி என்பதே இதிலுள்ள முழுக் கணிதமும். 38 சென்டிமீட்டர் அகலமும் 28 உயரமும் 12 ஆழமும் கொண்ட பைக்கு ஒவ்வொரு பலகையும் விளிம்புகள் உட்பட 52 அகலமும் 36 உயரமும் கொண்டிருக்க வேண்டும். மூலைச் சதுரம் 6 சென்டிமீட்டர்.

இந்த அளவு எதேச்சையானதன்று. ஐரோப்பிய விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு 2025-இல், இருக்கைக்கு அடியில் கட்டணமின்றி வைக்கும் பைக்கு 40×30×15 சென்டிமீட்டர் என்ற குறைந்தபட்ச உறுதியளவை அறிவித்தது. நிரம்பிய துணிப்பை எப்போதும் வரைந்த அளவைவிடப் புடைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரை விட்டுக்கொடுத்துத் தைப்பதே விவேகம். ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கும் சென்னைக்கும் இரண்டு விமானங்கள் மாறிச் செல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கு, மின்கலச் சேமிப்பான்களைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே அவற்றுக்கென்று வெளிப்பக்கத்தில் எளிதில் திறக்கும் ஓர் உட்பையை வரைந்துகொள்வது நல்லது. பெட்டியின் இழுகைப்பிடியில் பையைச் செருகி நிறுத்துவதற்காகப் பின்பக்கத்தில் ஒரு அகன்ற துணிப்பட்டையை மேலும் கீழும் திறந்து, இரு ஓரங்களில் மட்டும் தைப்பது சிறிய வேலைதான். விமான நிலையத்தில் அது தரும் ஆறுதலோ பெரியது.

இனி நீர். ஒஸ்லோவின் குளிர்காலத்தில் பனி விழுவதும் உருகுவதும் மாறி மாறி நிகழ்வதால், தெருக்களில் உப்பும் சரளையும் கலந்த ஈரச்சேறு தேங்குகிறது. பேருந்தில் தரையில் வைத்த பையின் அடிப்பாகம் அதைத்தான் முதலில் உறிஞ்சும். நோர்வேயின் கடல்சார் மரபு இதற்குத் தந்த பழைய விடை எண்ணெய்த் துணி: கப்பல் தலைவராக இருந்த ஹெலி யூல் ஹான்சன் 1877-இல் மோஸ் நகரில், ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்த முரட்டுத் துணியால் மீனவர்க்கும் மாலுமிகளுக்கும் அங்கிகள் செய்யத் தொடங்கினார். இன்றைய விடை உட்பக்கம் பாலியூரித்தேன் பூசிய நைலான். இத்துணிகளின் இழைத்தடிப்பு டெனியர் என்ற அலகால் சொல்லப்படுகிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையுள்ளது என்பதே டெனியர் எண். 500 டெனியர் துணி பையின் உடலுக்குப் போதும், அடிக்கு மட்டும் 1000 டெனியர் இருக்கலாம். முழுப்பையையும் 1000-இல் தைக்க முனைபவர்கள் வீட்டு இயந்திரத்தின் பாதத்துக்குக் கீழே ஆறு அடுக்குகள் நுழைய மறுப்பதை மூலைத் தையலில் கண்டு வருந்த நேரும்.

பூச்சுள்ள துணியில் ஊசி குத்திய துளை மூடிக்கொள்வதில்லை என்பதால் இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது: துண்டுகளைக் குண்டூசியால் பிணைக்காமல் விளிம்பில் கவ்விகளால் பிடிக்க வேண்டும், தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கும் நிலை வராதபடி முதலிலேயே அளந்து முடித்துவிட வேண்டும். தையலின் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் துளைகளுக்கு இடையே துணிக்கு வலு மிஞ்சும். நெருக்கமாகத் தைத்தால் கிழித்தெடுக்கும் தபால்தலைத் தாளின் கதிதான் நேரும். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கடத்துவதோடு நாளடைவில் மக்கியும் போகும் என்பதால் பாலியெஸ்டர் நூலே பொருத்தம். ஊசி 100 அல்லது 110 எண் கொண்டதாக இருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் தையல் கோடுகள் வழியாக நீர் கசியும். ஆகவே வேலை முடிந்தபின் உட்பக்கத் தையல்களின் மேல் அடைப்புப் பசை பூசி ஒரு நாள் உலரவிடுவது ஒஸ்லோவில் விருப்பத்தைப் பொறுத்த காரியமாக இல்லை.

குளிர் வேறொரு வகையில் நீரைக் கொண்டுவருகிறது. உறைநிலைக்குக் கீழே நெடுநேரம் இருந்த கருவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், அறைக்காற்றின் ஈரம் அதன் குளிர்ந்த உலோகத்தில் பனித்துளியாகப் படியும். பையை மூடியபடியே வைத்துக் கருவி மெல்ல அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுப்பது இதற்குத் தீர்வு. உறையின் சுவர் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதாக இருந்தால் வெளியே நடக்கும்போது மின்கலமும் சற்றுப் பிழைத்துக்கொள்ளும். இங்கேதான் நோர்வேயின் சொந்தத் துணியான வாட்மெல் கைகொடுக்கிறது. நெய்த கம்பளித் துணியை வெந்நீரிலும் சோப்பிலும் மிதித்தும் அடித்தும் சுருங்கவைத்து அடர்த்தியாக்கினால் கிடைப்பது வாட்மெல். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் வெட்டிய ஓரம் நூல் பிரிவதில்லை, மடித்துத் தைக்க வேண்டியதில்லை, உறையின் உள்ளே தடிப்பும் சேர்வதில்லை. 1891-இல் தொடங்கிய நோர்வேக் கைவினைச் சங்கமும் அதன் வழிவந்த ஹூஸ்ஃப்ளீடன் கடைகளும் இத்தகைய கம்பளித் துணிகளைப் பேணிவந்த இடங்களாகும். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் பூனாட் என்னும் விழாவுடையின் கைவினை 2024-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. அவ்வுடையோடு இடுப்பில் தொங்கும் சிறு துணிப்பையையும் அதன் உலோகப் பிடியையும் காண்பவர், ஒரு பையை இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்பத் தைப்பதில் அந்நாட்டு மக்கள் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள் என்பதை உணரலாம்.

எடைக்குத் திரும்பினால், தோள்பட்டையின் நாடா எங்கே தைக்கப்படுகிறது என்பதே பையின் ஆயுளை முடிவுசெய்கிறது. பல படிவங்கள் நாடாவின் நுனியை மேல்விளிம்புத் தையலுக்குள் செருகித் தைத்துவிடச் சொல்கின்றன. அப்போது முழு எடையும் இரண்டு சென்டிமீட்டர் துணியில் தொங்கும், கிழிசலும் அங்கேதான் தொடங்கும். நாடாவைப் பையின் ஒரு பக்கத்தில் ஏற்றி, அடித்தளத்தின் கீழாகக் கொண்டுசென்று மறுபக்கத்தில் இறக்கி, வழிநெடுகத் தைத்துவிட்டால் பையைத் துணி தாங்குவதில்லை, நாடாவே தொட்டிலாகத் தாங்குகிறது. நாடா பையை விட்டுப் பிரியும் இடத்தில் சிறு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைப்பது இழுவிசையை நான்கு திசைக்கும் பகிர்ந்தளிக்கும். இதைவிடவும் பயனுள்ள மாற்றம், மடிக்கணினி உறையைப் பையின் அடிவரை இறக்காமல், மேல்தையலிலிருந்து தொங்கவிட்டு அடித்தளத்துக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துவது. பையைத் தரையில் சற்று ஓங்கி வைத்தாலும் கருவியின் விளிம்பு தரையைத் தொடாது. 28 சென்டிமீட்டர் உயரப் பையில் 22.1 சென்டிமீட்டர்க் கருவிக்கு இந்த இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். பெரும்பாலான இலவசப் படிவங்களில் இது இல்லை என்பதால் தைப்பவர் தாமே வரைந்து சேர்க்க வேண்டும்.

டிசம்பரில் ஒஸ்லோவின் பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரமே. வேலைக்குப் போவதும் வருவதும் இருளில்தான். நோர்வேயின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிரிக் டிராஃபிக் நெடுங்காலமாகச் சொல்லிவருவது: கீழ்நோக்கிய முகப்பு விளக்கில் ஒளிதிருப்பி அணியாத பாதசாரி 25 முதல் 30 மீட்டர் தொலைவில்தான் ஓட்டுநருக்குத் தெரிவார், அணிந்தவர் 140 மீட்டரிலேயே தெரிவார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு முன்னது இரண்டு வினாடி, பின்னது பத்து வினாடி. நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த ஒளிதிருப்பி நாடாவைப் பையின் முன்பலகையோடு பக்கங்களிலும் கீழ்ப்பகுதியில் தைப்பதே சரி. கீழ்நோக்கிய விளக்கின் ஒளி தாழ்வாகவே விழுகிறது என்பதால் மேல்மூடியில் தைத்த நாடா அழகுக்கு மட்டுமே உதவும். இந்த ஒரு மாற்றத்தை எந்தச் சூழ்நிலையிலும் விட்டுவிடலாகாது.

துணியைப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழைய கூடாரம், கிழிந்த மழையங்கி, தூக்கியெறிந்த பையின் நாடாக்களும் பக்கிள்களும் நல்ல மூலப்பொருள்களே. இரட்சணிய சேனையின் ஃபிரேடெக்ஸ் கடைகளில் இவை கிடைக்கின்றன. 2025 தொடக்கம் முதல் நோர்வே நகராட்சிகள் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்கக் கடமைப்பட்டிருப்பதும் இவ்வழக்கத்துக்குச் சாதகமானது. பழைய துணியின் பாலியூரித்தேன் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைந்து பிசுபிசுப்பாகும் என்பதால், விரலால் தேய்த்துப் பார்த்து ஒட்டுவதை ஒதுக்கிவிட வேண்டும்.

பையில் முதலில் தேய்வது ஜிப், அதிலும் ரன்னர் என்று கடைக்காரர்கள் சொல்லும் நகரும் பகுதி. எனவே பயணப்பைக்கு உலோகப் பல் ஜிப்பைவிட வளைந்து கொடுக்கும் சுருள்பல் ஜிப், 5-ஆம் எண்ணுக்குக் குறையாமல், முதன்மைத் திறப்புக்கு 8 அல்லது 10-ஆம் எண்ணில் இருப்பது நல்லது. அதன் ஒரு நுனியை லைனிங்குக்குள் புதைத்துவிடாமல், சிறு துணித்துண்டால் மூடிப் பிரிக்கக்கூடிய ஒற்றைத் தையலோடு விட்டுவைத்தால், தேய்ந்த ரன்னரை அவ்வழியே கழற்றிப் புதியதை ஏற்றலாம். வாங்க வேண்டிய எண் பெரும்பாலும் பழைய ரன்னரின் முதுகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.